பக்கவாதத்துக்குப் பின் நாட்டமின்மை: காந்தத் தூண்டல் எடுக்கலாமா?

செல்வராணி: அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபின் கை கால் ஓரளவு தேறிவிட்டது. ஆனால் சொன்னால் எழுந்து உட்காருவார், சொல்லாவிட்டால் நாள் முழுக்கப் படுக்கைதான். அழுகை, வருத்தம் எதுவும் இல்லை. ஒரு கிளினிக்கில் தலைமேல் காயில் (கம்பிச்சுருள்) வைத்து காந்தத்தால் மூளையைத் தூண்டும் டிஎம்எஸ் சிகிச்சைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

பிசியோ குமரன்: போகலாம் என்பேன். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நாட்டமின்மை வருகிறது. பயிற்சியே செய்யமாட்டார்கள், பிசியோ வீணாகிவிடும். இதற்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்தும் கிடையாது. 2017இல் வந்த ஜப்பானிய ஆய்வில், 5 நாள் தூண்டல் பெற்றவர்களுக்குப் போலித் தூண்டல் பெற்றவர்களைவிட முன்னேற்றம் தெரிந்தது.

சந்தேகராமன்: அந்த ஆய்வில் மொத்தமே 13 பேர்தானே அண்ணா! 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ டிஎம்எஸ்ஸை அனுமதித்ததும் மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்குத்தான். அந்தச் சான்றிதழை மாட்டிவைத்து இதற்குப் பில் போடுகிறார்கள். இன்னொன்று, பலன் பெரும்பாலும் கேள்வித்தாளில்தான் அளக்கப்படுகிறது. எதிலும் அக்கறை இல்லாத மனிதரிடமே "அக்கறை வந்ததா" என்று கேட்டால் என்ன சொல்வார்?

பிசியோ குமரன்: வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டு அளக்கும் முறையும் உண்டு. சிறிய ஆய்வு என்பதற்காகக் குப்பையில் போட முடியாது.

நியூரோ மாணவி: இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள்: எந்த இடத்தைத் தூண்டுகிறார்கள்? மனச்சோர்வுக்கு வழக்கமாக இடது முன்நெற்றிப் பக்கம். ஜப்பானியர்கள் தூண்டியது நடுக்கோட்டில் உள்ள முன் சிங்குலேட் பகுதியையும் அதையொட்டிய முன்மூளையையும். அது ஆழத்தில் இருக்கிறது. சாதாரண எட்டு வடிவக் காயிலின் வீச்சு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், அவ்வளவு ஆழம் எட்டுவது கடினம்.

அக்கா, அதற்கு முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளே சிலருக்கு நாட்டத்தைக் குறைக்கும். தலைக்குள் உலோகக் கிளிப், பேஸ்மேக்கர், முன்பு வலிப்பு, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். டிஎம்எஸ்ஸால் வலிப்பு வருவது அரிது, ஆனால் ஸ்ட்ரோக் தழும்புள்ள மூளையில் கவனம் கூடுதலாக வேண்டும்.

செல்வராணி: போன் போட்டுக் கேட்டேன். இடது பக்கம்தானாம். "மனச்சோர்வுக்குச் செய்வதேதான், 20 சிட்டிங்" என்றார்கள்.

சந்தேகராமன்: அப்பாவுக்கு மனச்சோர்வே இல்லை என்கிறீர்கள், அப்புறம் எதற்கு? அந்தக் காசில் ஆள் வைத்து, காலையில் குளியல், மாலையில் நடை என்று நேரம் வகுத்துக் கொடுங்கள். தானாக ஆரம்பிக்காதவருக்கு வெளியிலிருந்து ஒருவர் ஆரம்பித்து வைத்தால் போதும்.

பிசியோ குமரன்: அந்த ஆள் போன மறுநாள் அப்பா மறுபடி படுக்கையில்தான் இருப்பார் ராமன். இந்தக் கிளினிக் வேண்டாம், சரி. முறையான ஆய்வாக, இலவசமாக எங்காவது நடந்தால் நான் இன்னமும் போகத்தான் சொல்வேன்.

சந்தேகராமன்: இலவசம் என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை.