தெறிகளம்: மேலளவு டயர்க் கையேட்டுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

படை கழித்துவிட்ட லாரிகளில் பெரிய டயர் மாட்டுவது பற்றித் தமிழில் கையேடு எழுதும் நண்பர் ஆறு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் கேட்டிருந்தார். ஐந்தைச் சீக்கிரம் சொல்லிவிட்டு ஆறாவதான 'டிராஜெக்டரி'யில் கொஞ்சம் நிற்கிறேன். அந்தச் சொல் தெளிவாக இல்லாவிட்டால் படிக்கிறவர் தவறான இடத்தில் போய் நிற்பார்.

'ஓவர்சைஸ் டயர்' என்பதற்கு இருவர் 'மிகையளவு டயர்' என்று எழுதியிருந்தீர்கள். மிகை என்றாலே தேவைக்கு மீறியது என்ற வாடை வந்துவிடுகிறது. அமெரிக்கப் படையின் எம்35ஏ2 இரண்டரை டன் லாரி 9.00-20 டயரோடு வந்தது. வெளிவிட்டம் சுமார் 40 அங்குலம். பிறகு வந்த எம்35ஏ3-க்குப் படையே 14.5ஆர்20 டயரைப் போட்டது. அது சுமார் 46 அங்குலம். பழைய ஏ2 வைத்திருப்பவர்கள் விரும்பி மாட்டுவதும் இதையோ, இதே உயரமுள்ள 395/85ஆர்20 டயரையோதான். படையே ஏற்றிக்கொண்ட அளவை மிகை என்பானேன்? 'மேலளவு டயர்' என்று வைக்கலாம். எதற்கு மேல் என்று படிக்கிறவர் கேட்பார், கேட்கட்டும். தொழிற்சாலையில் பொருத்திய அளவுக்கு மேல் என்பது விடை. எந்த எல்லை வரை என்பது அடுத்த கேள்வி. எம்35-இன் இரண்டு பின்னச்சுகளுக்கும் நடுவே 48 அங்குலம்தான். 46 அங்குல டயர்கள் முன்னும் பின்னுமாக நின்றால் மிஞ்சுவது இரண்டே அங்குலம். வேகமானியும் பொய் சொல்லும்: முள் 40 காட்டும்போது வண்டி 46-இல் ஓடிக்கொண்டிருக்கும். பிரேக்குக்கும் வேலை கூடும், அதே உருளையும் அதே கட்டையும் இன்னும் பெரிய சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

'கிளியரன்ஸ்' என்பதற்கு 'இடைவெளி' போதும் என்றார்கள். நிற்கிற வண்டிக்குப் போதும். டயர் உரசுவது ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடிக்கும்போதும், ஒரு சக்கரம் மேட்டில் ஏறிப் பட்டைவில் (லீஃப் ஸ்பிரிங்) வளையும்போதும்தான். அந்த நிலைகளில் அளந்து பார்க்கவேண்டிய இடத்தை 'அசைவிடம்' என்று பிரித்துச் சொன்னால் கையேட்டில் ஒரு பத்தி விளக்கம் மிச்சமாகும். பல துண்டுகளைச் சேர்த்துப் பூட்டுகிற 'மல்ட்டி-பீஸ் ரிம்' என்பதற்குப் 'பல்கூறு ரிம்', அந்தத் துண்டுகளைப் பிரியாமல் பிடித்து நிற்கும் 'லாக் ரிங்' என்பதற்குப் 'பூட்டுவளையம்'. இவற்றில் எனக்குச் சிக்கல் தெரியவில்லை. காற்றடிக்கும்போது சக்கரத்தை உள்ளே வைக்கும் இரும்புக்கூண்டைக் 'காப்புக்கூண்டு' என்றால் ஆள் உள்ளே போய் ஒளிந்துகொள்வது போலத் தோன்றுகிறது. பறக்கிற இரும்பைத் தடுப்பதே அதன் வேலை, ஆகவே 'தடுப்புக்கூண்டு'.

இப்போது 'டிராஜெக்டரி'. ஒருவர் கேட்டிருந்தார்:

> எறிபாதை என்று பாடநூலிலேயே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

நல்ல கேள்வி. வேறு இடத்தில் இந்தச் சொல் வந்திருந்தால் நானும் எறிபாதை என்றே எழுதியிருப்பேன். ஆனால் கையேட்டில் இது வருவது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி 1910.177-இலிருந்து. 1980-இல் பல்கூறு ரிம்களுக்காக வந்த விதி அது. 1984-இல் ஒற்றைத் துண்டு ரிம்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ரிம் வெடித்துப் பிரியும்போது அதன் துண்டுகள் போகக்கூடிய எந்த வழியும், காற்று பீறிட்டு அடிக்கக்கூடிய இடமும் அந்த விதிப்படி டிராஜெக்டரிதான். ரிம்முக்குச் செங்குத்தான திசையிலிருந்து விலகியும் துண்டு போகலாம் என்று அந்த வரையறையே எச்சரிக்கிறது.

எறிபாதை என்பது ஒரு கோடு. எறிந்த வேகமும் கோணமும் தெரிந்தால் தாளில் வரைந்துவிடலாம். படிக்கிறவர் மனத்தில் அந்தக் கோடுதான் வரும். கோட்டிலிருந்து ஓரடி தள்ளி நின்றால் போதும் என்று நினைப்பார். விதி பேசுவது ஒரு பரப்பை, துண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாத பரப்பை.

அந்த விசை எவ்வளவு என்று நானே கணக்குப் போட்டேன். 40 அங்குல டயர், 20 அங்குல ரிம். பக்கச்சுவரின் பரப்பு ஏறக்குறைய 940 சதுர அங்குலம். ஒரு சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் சுவரை வெளியே தள்ளும் விசை 47,000 பவுண்டு, அதாவது 21 டன். டயரை 46 அங்குலமாக்குங்கள், அழுத்தத்தைத் தொடாதீர்கள்: பரப்பு 1,350-ஐ நெருங்கும், விசை 30 டன்னுக்கு மேல். இதில் ஒரு பங்கு பூட்டுவளையத்தின் பக்கம் வந்து நிற்கிறது. மேலளவு டயர்க் கையேட்டில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

ஒரு பட்டறையில் காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே வளையம் சரியாக உட்காரவில்லை என்று ஒருவர் சுத்தியலால் தட்டியதைப் பார்த்திருக்கிறேன். முகம் வளையத்துக்கு நேரே இருந்தது. அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் காட்சி இன்றைக்கும் எனக்கு உதறல் தருகிறது. காற்று இருக்கும்போது வளையத்தைத் தட்டக்கூடாது, முழுக்க இறக்கிவிட்டுத்தான் சரிசெய்ய வேண்டும் என்பது விதி. 'நீ நிற்கும் இடம் எது தெரியுமா' என்று அவரிடம் ஒரே சொல்லில் கேட்க எனக்கு அன்று சொல் இல்லை.

என் பரிந்துரை 'தெறிகளம்'. தெறித்தல் என்றால் இறுக்கத்தில் இருந்தது விடுபட்டுப் பாய்வது. நாண் தெறிக்கிறது, பொத்தான் தெறிக்கிறது, கல் உடைக்கும்போது சில் தெறிக்கிறது. எங்கே போய் விழும் என்பது தெரியாது என்ற பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது. களம் என்பது பரப்பு. இரண்டும் சேர்ந்தால் வினைத்தொகை: தெறித்த களம், தெறிக்கின்ற களம், தெறிக்கும் களம். காலம் கரந்து நிற்பது இங்கே மிகவும் பொருந்துகிறது. காற்று உள்ள ரிம்மின் முன்னால் எந்த நேரமும் அந்த இடம் தெறிகளம்தான், வெடித்த பிறகு மட்டும் இல்லை. வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது; 'தெறிக்களம்' என்று எழுதிவிட வேண்டாம்.

'சிதறுபரப்பு' என்ற யோசனையும் வந்தது. சிதறல் பல துண்டாகப் போவதைச் சொல்கிறது. இங்கே ஒரே வளையம் முழுதாகக் கிளம்பி வந்தாலும் போதும், ஆளைக் கொன்றுவிடும். இளைஞர்கள் 'தெறி' என்பதைப் பாராட்டாகச் சொல்கிறார்களே என்று ஒருவர் தயங்கினார். களத்தோடு சேர்ந்த பிறகு அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்:

"டயரைத் தடுப்புக்கூண்டுக்குள் வைத்து, கவ்வும் முனையுள்ள நீண்ட குழாயை வால்வில் மாட்டி, தெறிகளத்துக்கு வெளியே நின்று காற்றடிக்கவும். வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை முழுக்க வெளியேற்றும் வரை தெறிகளத்தில் கை நீட்டக்கூடாது."

எனக்கு இது தடையில்லாமல் ஓடுகிறது. 'எறிபாதையில் கை நீட்டக்கூடாது' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

இன்னொன்று பாக்கி. டயரின் உட்புறக் கம்பி வைத்த ஓரத்துக்கும் விளிம்பு என்கிறோம், ரிம்மின் ஓரத்துக்கும் விளிம்பு என்கிறோம். ஒன்று மற்றதன்மேல் உட்காரும் படியைக் கையேடு விளக்கும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. டயருக்குக் 'கம்பிவாய்' என்று எழுதலாமா? சரியென்று படாவிட்டால் மாற்று ஒன்றைச் சொல்லுங்கள்.