எயார் ரைபிள் பெலற்றை ஒவ்வொண்டா நிறுத்துப் பிரிக்கத்தான் வேணுமோ?

சுழிபுரம்_10மீ
பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு 10 மீட்டர் எயார் ரைபிள் பழக்கத் தொடங்குற ஆக்களுக்காகக் கேக்கிறன். பெரிய ரைபிளுக்கு வீட்டில தோட்டா நிரப்புற கதையை இதுக்குள்ள கொண்டு வராதேங்கோ. வெடிமருந்து எங்கட இலங்கையில 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருள் சட்டத்துக்குள்ள வாற சாமான், வீட்டு மேசையில வைச்சுச் செய்யிற வேலை இல்லை. வீட்டில செய்யக்கூடியது பெலற்றை, அதுதான் எயார் ரைபிளில போடுற சின்ன ஈயக் குண்டை, தெரிஞ்செடுக்கிறதுதான். 500 பெலற் உள்ள பேணியை முழுக்கத் தராசில நிறுத்துப் பிரிக்கிறதால பிரயோசனம் இருக்கோ?

தராசுமணி
இருக்கு. கணக்கைப் பாருங்கோ. போட்டிப் பெலற் 0.53 கிராம், வேகம் வினாடிக்கு 170 மீட்டர் எண்டு வைப்பம். 10 மீட்டர் போக 0.059 வினாடி எடுக்கும், அதுக்குள்ள பெலற் 17 மி.மீ. கீழ இறங்கும். ரைபிள் குடுக்கிற சக்தி மாறாமல் நிறை மட்டும் 0.01 கிராம் கூடினா வேகம் ஏறக்குறைய 1 வீதம் குறையும், இறக்கம் 2 வீதம் கூடும். அது 0.3 மி.மீ. இலக்கின்ர நடுவில 10.0 புள்ளியில இருந்து 10.9 வரைக்கும் ஒவ்வொரு தசமப் படியும் 0.25 மி.மீ. தான். 2013 இல இருந்து ரைபிள் தகுதிச் சுற்றையும் தசமத்தில எண்ணுறதால, பெலற்றின்ர நிறையில ஒரு படி போகுது. 60 வெடியில அது சின்னக் கணக்கில்லை.

கோண்டாவில்_குழல்
அண்ணை, கணக்குச் சரி, ஆனா அந்த 0.01 கிராம் வித்தியாசம் எந்தப் பேணியில? நல்ல போட்டிப் பேணியில பெரும்பாலான பெலற் சில மில்லிகிராமுக்குள்ளதான் நிக்கும். 4 மில்லிகிராம் எண்டா 0.13 மி.மீ., அரைப் படி. அதுவும் மேல கீழ மட்டும். பக்கவாட்டுச் சிதறலுக்கு நிறை ஒண்டும் செய்யாது.

பக்கவாட்டில அடிக்கிறது காத்து. வினாடிக்கு 1 மீட்டர் பக்கக் காத்து, முகத்தில பட்டும் படாமலும் இருக்கிற அளவு, அது பெலற்றை 2, 3 மி.மீ. தள்ளும். சோளகம் வீசுற நாளில அரைச்சுவர் மண்டபத்தில யன்னலைத் திறந்து, மேல ஃபானையும் சுத்த விட்டுக்கொண்டு, மில்லிகிராம் பாத்து என்ன பயன்? முதல்ல காத்தை மறியுங்கோ. அடுத்தது தலையளவு, பெலற்றின்ர முன்பக்க விட்டம் மி.மீ. இல. பேணியில 4.49, 4.50, 4.51 எண்டு போட்டிருக்கிறது அதுதான். உங்கட குழலுக்கு எது பிடிக்குது எண்டு அறியாமல் நிறுத்தா, பிழையான அளவைத்தான் ஒழுங்காப் பிரிச்சு வைச்சிருப்பியள்.

தராசுமணி
தலையளவு முக்கியம் எண்டதை ஆர் மறுத்தது? ஆனா எங்கட பிள்ளையளுக்குக் கிடைக்கிறது எப்பவும் போட்டிப் பேணியோ? மலிவுப் பேணியில தலையளவே போட்டிருக்காது, நிறையும் பரவலா இருக்கும். அங்க தராசு தன்ர வேலையைக் காட்டும். எல்லாத்தையும் பத்துக் குவியலாப் பிரிக்கச் சொல்லேல்லை. நடுவில நிக்கிற பெருந்தொகையை வைச்சுக்கொண்டு, இரண்டு கரையிலையும் தனிச்சு நிக்கிறதைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கோ.

ஆனா தராசு சரியா இருக்கோணும். 0.01 கிராம் காட்டுற சமையல் தராசு உதவாது. 0.525 இல இருந்து 0.535 வரைக்கும் எல்லாத்தையும் அது 0.53 எண்டுதான் சொல்லும். நகைக்காரர் பாவிக்கிற மில்லிகிராம் தராசு வேணும், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில விசாரிச்சா எங்க எடுக்கலாம் எண்டு சொல்லுவினம். போட்டு 15 நிமிசம் சூடாக விடுங்கோ, 20 கிராம் படிக்கல்லால சரிபாருங்கோ, ஃபானை நிப்பாட்டுங்கோ. ஒவ்வொரு 10 பெலற்றுக்கும் ஒருக்காப் பூச்சியத்தைப் பாருங்கோ. பிளாஸ்ரிக் இடுக்கியால தூக்குங்கோ, இரும்பு இடுக்கி பாவாடை விளிம்பை, அதுதான் பெலற்றின்ர பின்பக்க மெல்லிய விளிம்பை, நெளிக்கும்.

வல்வை_ஸ்பிரிங்
நீங்கள் இரண்டு பேரும் சிலிண்டரில அடைச்சு வைச்ச காத்தால சுடுற அழுத்தக் காத்து ரைபிளை மட்டும் நினைச்சுக் கதைக்கிறியள். கன இடத்தில இருக்கிறது குழலை மடிச்சு ஏத்துற ஸ்பிரிங் ரைபிள். அதில நிறையை விட பாவாடை விளிம்புதான் முக்கியம். பிஸ்ரன் ஓடி வந்து முடியிற நேரம் காத்து விளிம்பை விரிச்சுக் குழலுக்குள்ள இருக்கிற சுருள் வரியில ஒட்ட வைக்கும். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கி இருந்தா காத்து அந்தப் பக்கத்தால கசியும், வெடிக்கு வெடி வேகம் மாறும்.

அதுக்குத் தராசு தேவையில்லை. மேசை விளக்குக்குக் கீழ பெலற்றைப் பின்பக்கம் மேல தெரிய நிமித்தி வைச்சுப் பாருங்கோ. விளிம்பு வட்டமா, உள்ளுக்குள்ள ஈயச் சீவல் ஏதும் ஒட்டியிருக்கா எண்டு உடன தெரியும். பேந்து ஒரு கண்ணாடித் துண்டைக் கொஞ்சம் சரிச்சு வைச்சு உருட்டுங்கோ. தலையும் விளிம்பும் ஒரே விட்டம் இல்லாததால நல்ல பெலற் ஒரு வளைவில உருளும். ஒரே மாதிரியானது ஒரே இடத்தில வந்து விழும். தள்ளாடுறதும் வேற இடத்துக்குப் போறதும் விலத்தவேண்டியது. நிலத்தில விழுந்த பெலற்றையும் திருப்பிப் பேணிக்குள்ள போடாதேங்கோ.

இன்னொண்டு, ஸ்பிரிங் ரைபிளுக்குப் பெலற்றில எண்ணெய் பூசாதேங்கோ. அமுக்கத்தில காத்து கொதிச்சு எண்ணெய் பத்தும், வேகம் தாறுமாறாகும், பிஸ்ரன் சீலும் கருகும். குழல் துடைக்கிற பஞ்சுக் குண்டைத் தனிய ஒண்டு போட்டுச் சுடுறதும் கூடாது. அதுக்குப் பாரம் இல்லாததால பிஸ்ரன் போய் முன்னுக்கு இடிக்கும்.

சுழிபுரம்_10மீ
சீவலைப் போக்க சவர்க்காரத் தண்ணியில கழுவச் சொல்லிச் சில பேர் எழுதியிருக்கினமே?

தராசுமணி
கழுவலாம். இளஞ்சூட்டுத் தண்ணி, பாத்திரம் கழுவுற திரவம் இரண்டு துளி, மெல்ல அலசித் துணியில பரவிக் காய விட்டா விளிம்பு கெடாது.

கோண்டாவில்_குழல்
நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். தொழிற்சாலையில பூசின மெல்லிய படலம் கழுவுப்பட்டுப் போகும், எங்கட உப்புக் காத்துக்கு ஈயம் கெதியில வெளுத்து மாப்பிடிக்கும். அந்த வெள்ளை மா ஈயக் காபனேற்று, கையில ஒட்டி வாய்க்குள்ள போற விசம்.

இன்னும் பெரிய காரணம் தண்ணி. கழுவின தண்ணியை எங்க ஊத்தப் போறியள்? யாழ்ப்பாணத்தில அடியில சுண்ணாம்புக்கல். மேல ஊத்தினது வெடிப்புகளால கெதியா இறங்கி நிலத்தடி நீரில சேரும், அதைத்தான் கிணத்தில அள்ளிக் குடிக்கிறம். கிணத்தடியில பெலற் கழுவுறது ஒரு நாளும் கூடாது. சீவலை உதிர்க்க உலர்ந்த துணியில போட்டு மெல்ல ஆட்டினாப் போதும். இலக்குப் பெட்டிக்குள்ள விழுந்த ஈயத்தையும் கூட்டி அள்ளி மூடின பேணியில வையுங்கோ, வளவில கொட்டாதேங்கோ. பெலற்றை வாயில கவ்விக்கொண்டு ஏத்துற பழக்கத்தைப் பிள்ளையளிட்ட கண்டா உடன நிப்பாட்டுங்கோ. சுட்டு முடிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் சாப்பாடு.

வல்வை_ஸ்பிரிங்
கழுவுற விசயத்தில கோண்டாவிலாரோட நான் முழு உடன்பாடு. சரி, குழலுக்கு எந்தத் தலையளவு பிடிக்குது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? வேணியர் அளவுகோல் வைச்சு அளந்தா?

கோண்டாவில்_குழல்
வேணியரால முடியாது. டிஜிற்றல் வேணியரின்ர பிழையே 0.02, 0.03 மி.மீ. வரும், நீங்கள் தேடுற வித்தியாசம் 0.01. ஈயமும் மெத்து, நெரிச்சா அமுங்கும். சுட்டுத்தான் பாக்கோணும்.

அழுத்தக் காத்து ரைபிளை அதின்ர மரப் பிடியில பிடிக்காமல் இரும்பு உடம்பில தோல் வைச்சு வைஸ் எண்ட மேசை இடுக்கியில இறுக்குங்கோ. பெலற் மாத்தின உடன 10, 15 வெடியை எண்ணாமல் விடுங்கோ. பேந்து ஒவ்வொரு தலையளவிலையும் 10 வெடிக் குழு மூண்டு. துளைக் கூட்டத்தின்ர வெளி விளிம்பு ஆகத் தூரமா இருக்கிற இடத்தை அளந்து 4.5 கழியுங்கோ, அது மையத்துக்கு மையம். ஒரு வெடியும் 10.5 க்குக் கீழ போகாமல் இருக்க எல்லா மையமும் 1.25 மி.மீ. ஆரைக்குள்ள நிக்கோணும், வெளி விளிம்பில 7 மி.மீ.

5 வெடிக் குழு ஒண்டைக் காட்டி இந்தப் பேணிதான் நல்லது எண்டு முடிவெடுக்காதேங்கோ. ஒரே பெலற்றில, ஒரே ரைபிளில, 5 வெடிக் குழு தன்ர சராசரியில இருந்து நாலிலொண்டு கூடிக் குறையிறது சாதாரணம். 10 வெடிக் குழு இயல்பாவே 5 வெடிக் குழுவை விட நாலிலொண்டு பெரிசா வரும். ஒருத்தர் 5 வெடி, மற்றவர் 10 வெடி சுட்டு ஒப்பிட்டா அந்த ஒப்பீட்டுக்குப் பெறுமதி இல்லை.

வல்வை_ஸ்பிரிங்
ஸ்பிரிங் ரைபிளை வைஸில இறுக்காதேங்கோ. அது முன்னும் பின்னும் உதைக்கோணும், இறுக்கினா குறி மாறும், மரப் பிடியின்ர ஆணியும் தளரும். மெத்தென்ற மணல் பையில கையை வைச்சு, கைக்கு மேல ரைபிளைத் தளர்வா விட்டுச் சுடுங்கோ. ஆணிகளைச் சுட முதலும் பேந்தும் பாருங்கோ.

தராசுமணி
நீங்கள் சொல்லுறபடி மூண்டு தலையளவுக்கு 90 வெடி, அதுக்கு மேல பழக்குற வெடி, மூண்டு பேணி வாங்குற காசு. வைஸும் மூண்டு பேணியும் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு ஒரு தராசு பல வருசம் உழைக்கும். மலிவுப் பேணியில கரையில நிக்கிறதை விலத்தினா மேல கீழ சிதறல் குறையும் எண்ட என்ர கருத்தில மாற்றம் இல்லை.

கோண்டாவில்_குழல்
அதுக்கும் சுட்டுத்தான் சாட்சி வேணும் அண்ணை. அதே மலிவுப் பேணியில நிறுத்தது 30, நிறுக்காதது 30, எது எதெண்டு சுடுறவருக்குத் தெரியாமல் கலந்து குடுத்து, யன்னலைப் பூட்டிச் சுடுவியுங்கோ. மேல கீழ அகலத்தை மட்டும் தனிய அளந்து இங்க போடுங்கோ.