69 கமாரோ 350: சூடானதும் மூச்சு முட்டுது, கார்புரேட்டர் ரெண்டு வாட்டி பிரிச்சாச்சு, யாராவது வழி சொல்லுங்க

டிராய்_கமாரோ:
வணக்கம் எல்லாருக்கும். மிச்சிகன்ல டிராய் பக்கம் இருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு 1969 செவர்லே கமாரோ கார் வாங்கினேன், 350 க்யூபிக் இன்ச் வி8 எஞ்சின், குவாட்ராஜெட் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பறது), ஒஹாயோ நார்வுட் ஃபேக்டரி வண்டி. முன்னாடி வச்சிருந்தவர் ரெண்டு பக்கமும் தனித்தனியா குழாய், தனித்தனி சைலன்சர்னு போட்டு வச்சிருக்கார், நடுவுல ரெண்டையும் சேர்க்கிற குழாய் கிடையாது.

பிரச்சினை என்னன்னா காலைல ஸ்டார்ட் பண்ணா தங்கம் மாதிரி ஓடுது, ஒரு பதினஞ்சு நிமிஷம் போனதும் ஆக்சிலரேட்டரை மிதிச்சா 3000 ஆர்பிஎம்முக்கு மேல ஏறவே மாட்டேங்குது, பெட்ரோல் வாடை அடிக்குது, நிறுத்திட்டு பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா பிடிக்காது, மூடியைத் திறந்து பார்த்தா கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் கொதிக்கிற சத்தம் கேக்குது. போன ஆகஸ்ட்ல உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்கு (இங்க நடக்கற பழைய கார் ஊர்வலம்) ஆசையா எடுத்துட்டுப் போய் பர்மிங்ஹாம் தாண்டறதுக்குள்ள ஓரங்கட்டி நின்னது தான் மிச்சம், வீட்டுக்காரம்மா இன்னும் சொல்லிக் காட்டறாங்க.

நானே கார்புரேட்டரை ஒரு தடவை பிரிச்சேன், ஒரு கடைல குடுத்து இன்னொரு தடவை பிரிச்சாச்சு. ஃப்யூயல் பம்ப் புதுசு, பிளக்கு புதுசு. இப்ப அந்தக் கடைக்காரர் புது கார்புரேட்டர் வாங்குங்கறார். வாங்கிடலாமா?

ஹூஸ்டன்_மாப்ள:
ப்ரோ இப்ப வர்ற பெட்ரோல்ல பத்து பர்சென்ட் எத்தனால், அது சீக்கிரமே கொதிச்சிடும். கார்புரேட்டருக்கு அடில சூடு மேல ஏறாம இருக்க ஒரு தடிமனான ஸ்பேசர் (இடைக்கட்டை) போடுங்க, சரியாயிடும். இங்க வெயிலுக்கு எல்லாரும் அதான் பண்றோம்.

டிராய்_கமாரோ:
அதையும் போட்டுப் பார்த்துட்டேன் ப்ரோ. பதினஞ்சு நிமிஷம் இருபது நிமிஷமாச்சு, அவ்ளோ தான்.

ஸ்காபரோ_ஐயா:
தம்பி, கார்புரேட்டர் வாங்கிற காசை முதல்ல பொக்கற்றுக்குள்ள வையுங்கோ. நான் ரொறன்ரோவில கன காலம் கராஜ் வச்சிருந்தனான். ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்கோ. கார்புரேட்டருக்குக் கீழ இன்டேக் மேனிஃபோல்டில (பெட்ரோல் கலவையை சிலிண்டர்களுக்குப் பிரிச்சு விடுற இரும்பு வார்ப்பு), நடுவில மட்டும் பெயின்ற் கருகி உரிஞ்சு இருக்கோ? மற்றது, எஞ்சினை வெளியில விட்டு ஸ்டார்ட் பண்ணி (கராஜுக்குள்ள வச்சு செய்யாதேங்கோ, அந்தப் புகை ஆளைக் கொண்டுபோடும்) பின்னுக்கு ரெண்டு குழாயிலயும் ஒரு பேப்பர் டவலைப் பிடிச்சுப் பாருங்கோ.

டிராய்_கமாரோ:
ஐயா, நீங்க இங்க வந்து பார்த்தீங்களா என்ன! நடுவுல சரியா ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு பெயின்ட் கருகி வெறும் இரும்பு தெரியுது, ஓரத்துல எல்லாம் பெயின்ட் அப்படியே இருக்கு. இடது குழாய்ல டவல் கையை விட்டுப் பறக்குது. வலது குழாய்ல கல்யாண வீட்டு விசிறி மாதிரி சும்மா லேசா ஆடுது. இத்தனை நாள் இதைக் கவனிக்கவே இல்லையே.

ஸ்காபரோ_ஐயா:
ஓம், நான் நினைச்சது தான். வலது பக்கம், அதாவது பாசஞ்சர் பக்கம் எக்ஸோஸ்ற் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின்ர புகையைச் சேர்த்து வெளியில விடுற வார்ப்பு) முடிஞ்சு குழாய் தொடங்கிற இடத்தில ஒரு சின்ன இரும்புத் துண்டு கிடக்கும், பக்கத்தில ஒரு பாரக்குண்டும் சுருள் கம்பியும் இருக்கும். அதுக்குப் பேர் ஹீட் ரைசர் வால்வு. குளிர் நேரம் அது மூடிக்கொண்டு அந்தப் பக்கத்து நாலு சிலிண்டர்ன்ர புகையையும் இன்டேக்குக்குள்ளால மற்றப் பக்கம் திருப்பி விடும், அந்தச் சூட்டில கார்புரேட்டர் கெதியாச் சூடாகும், சோக்கும் (குளிர் எஞ்சினுக்குக் காத்தைக் குறைக்கிற தகடு) கெதியா விலகும். பிறகு அந்தச் சுருள் சூடேறினதும் தளர்ந்து வால்வு தானாத் திறக்க வேணும். உங்கட வால்வு துருப்பிடிச்சு மூடினபடியே நிக்குது. பாதி எஞ்சின்ர புகை முழுக்க கார்புரேட்டருக்குக் கீழால போகுது, பெட்ரோல் கொதிக்காம என்ன செய்யும்?

எஞ்சின் ஆறினாப் பிறகு அந்தக் குண்டைக் கையால ஆட்டிப் பாருங்கோ.

டிராய்_கமாரோ:
ஆடவே இல்ல ஐயா. வெல்டு பண்ணி வச்ச மாதிரி நிக்குது. வேக்கும் கேஜும் (இன்டேக்குக்குள்ள எஞ்சின் எவ்ளோ உறிஞ்சுதுன்னு காட்டற மீட்டர்) மாட்டிப் பார்த்தேன், ஐடில்ல 17 இன்ச், 2500 ஆர்பிஎம்ல பிடிச்சு நிறுத்தினா ஊசி கொஞ்சம் கொஞ்சமா 12க்கு இறங்குது, புகை வெளிய போக வழி அடைபட்டிருந்தா இப்படித் தான் இறங்குமாம்.

கோவை_டெக்:
நான் சொன்னா திட்டாதீங்க, மேனிஃபோல்டையே கழட்டி வீசிட்டு ஹெட்டர்ஸ் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி புகைக் குழாய்) போட்ருங்க. சவுண்டே தனி.

ஸ்காபரோ_ஐயா:
தம்பி கோவை, ஒரு சின்ன வால்வுக்காக மேனிஃபோல்டைக் கழட்டப் போய் சிலிண்டர் ஹெட்டுக்குள்ள ஒரு போல்ட் முறிஞ்சால் பிறகு ஹெட்டைத் தான் கழட்ட வேணும். ஐம்பது வருஷத்து போல்ட், அதுவும் மிச்சிகன் உப்பு ரோட்டில ஓடினது. கை வைக்காதேங்கோ.

டிராய் தம்பி, முதல்ல அந்த வால்வை இளக்கப் பாக்கலாம். தண்டு ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளியில தெரியும், குண்டில அடியாம அந்தத் தண்டின்ர முனையில சின்னச் சுத்தியலால இந்தப் பக்கம் ஒருக்கா அந்தப் பக்கம் ஒருக்காத் தட்டுங்கோ, துரு இளக்கிற ஸ்பிரே அடிச்சு அடிச்சு. எஞ்சின் ஒயில் விடாதேங்கோ, அது சூட்டில கரியாகி இன்னும் இறுகும்.

டிராய்_கமாரோ:
மூணு நாள் சாயங்காலம் ஸ்பிரே அடிச்சு தட்டினேன். நாலாவது நாள் தண்டு ஆடிச்சு, ஆனா உள்ள இருக்கற தகடு தண்டோட சேர்ந்து வரல, தனியா லொடலொடங்குது. தகடு கழண்டு உள்ளயே மாட்டிக்கிச்சு போல. கழட்டித் தான் ஆகணும்.

ஜாக் ஸ்டாண்டுல வண்டியை நிறுத்தி, கீழ இருந்து நீள எக்ஸ்டென்ஷன்ல 9/16 சாக்கெட் போட்டு கழட்டினேன். மூணு ஸ்டட் (தலை இல்லாத போல்ட், நட்டு போட்டு இறுக்கறது). ரெண்டு நட்டு பித்தளை, அழகா சுத்திட்டு வந்துச்சு. மூணாவது நட்டை மட்டும் யாரோ இரும்பு நட்டா மாத்தி வச்சிருக்காங்க. அது வரும்போது ஒரு மாதிரி மெத்துன்னு சுத்திச்சு, அப்பாடா வந்துடுச்சுன்னு நினைச்சேன், அடுத்த செகண்ட் டக். ஸ்டட் உடைஞ்சு நட்டோட கைல வந்துடுச்சு. மேனிஃபோல்டுக்கு வெளிய கால் இன்ச் தான் நீட்டிட்டு இருக்கு. அப்படியே தரைல படுத்து பத்து நிமிஷம் மேல பார்த்துட்டு இருந்தேன்.

ஹூஸ்டன்_மாப்ள:
அந்த மெத்துன்னு சுத்தறது இருக்கே, அது நல்ல செய்தியே கிடையாது ப்ரோ 😅 எனக்கும் இதே கதை. இறுக்கமா கிறீச்னு கத்திட்டு வந்தா தான் ஸ்டட் பொழைச்சுது.

ஸ்காபரோ_ஐயா:
கால் இன்ச் இருக்குதெண்டால் கவலைப்படாதேங்கோ. ட்ரில் எடுத்துக்கொண்டு போகாதேங்கோ, கீழ படுத்துக்கிடந்து நேராத் துளைக்க ஏலாது. வெல்டிங் தெரிஞ்ச ஆரையாவது கூப்பிடுங்கோ. ஸ்டட்டுக்கு மேல ஒரு வாஷர், அதுக்கு மேல கொஞ்சம் பெரிய நட்டு ஒண்டு, நட்டின்ர ஓட்டைக்குள்ளால மிக் வெல்டிங் போட்டு நிரப்பச் சொல்லுங்கோ. ஆறவிட்டுக் கொஞ்சம் சூடு இருக்கேக்க மெழுகுதிரியை அந்த இடத்தில தொடுங்கோ, மெழுகு உருகி மரைக்குள்ள ஓடும். பிறகு ஸ்பேனரால இறுக்கிற பக்கம் ஒரு துளி, தளர்த்திற பக்கம் ஒரு துளி எண்டு ஆட்டி ஆட்டி எடுங்கோ. பற்றரி வயரைக் கழட்ட மறக்காதேங்கோ, பெட்ரோல் லைனை மூடுங்கோ, தீயணைக்கிற சிலிண்டர் கிட்டடியில இருக்கட்டும்.

டிராய்_கமாரோ:
வந்துடுச்சு!!! ஃபர்ஸ்ட் தடவை நட்டு பிச்சுக்கிட்டு வந்துச்சு, ரெண்டாவது தடவை நின்னுச்சு. மெழுகு வச்சதும் புஸ்ஸுன்னு புகை, அரைச் சுத்து, கால் சுத்து, அப்புறம் முழுசா. பழைய வால்வைக் கைல எடுத்துப் பார்த்தா தகடு ஓட்டையை முக்கால்வாசி அடைச்சுட்டு குறுக்கால நிக்குது, பின்னாடி கரி ஒரு விரல் கனம்.

இப்ப அடுத்த கேள்வி. புது வால்வே போடறதா, இல்ல வால்வு இல்லாம வெறும் வளையமா விக்கறாங்களே அதைப் போடறதா?

ஆல்பனி_ஒரிஜினல்:
வண்டி ஷோவுக்குப் போகுதுன்னா வால்வு தான். ஜட்ஜ் குனிஞ்சு பார்த்து மார்க் குறைப்பார். எனக்கு நடந்திருக்கு.

ஸ்காபரோ_ஐயா:
ஷோவுக்குப் போகாட்டில் வளையம் காணும். ஆனா சும்மா வால்வைக் கழட்டிப்போட்டு குழாயை நேரா மேல பூட்டிப்போடாதேங்கோ, குழாய் அவ்வளவுக்கு மேல ஏறி எங்கயாவது போய் இடிக்கும். பழைய வால்வின்ர உயரத்தை அளந்து அதே உயரத்தில வளையம் எடுங்கோ. மேனிஃபோல்டின்ர வாய் ரெண்டு இன்ச்சும் இருக்கு, ரெண்டரை இன்ச்சும் இருக்கு, அதையும் அளவுங்கோ. புது ஸ்டட் மூண்டு, பித்தளை நட்டு மூண்டு, புது டோநட் காஸ்கெற் (புகை கசியாம அடைக்கிற வளையம்), மரையில கொஞ்சம் ஆன்ரி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காம இருக்கப் பூசுற பசை). மூண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ.

ஒரு விஷயம், சோக் இனிப் பிந்தித் தான் விலகும். அந்த சோக் சுருள் இன்டேக்கின்ர சூட்டில தான் வேலை செய்யுது. குளிர் காலத்தில ஓடுறதெண்டால் எலெக்ட்ரிக் சோக் போட வேண்டி வரும்.

டிராய்_கமாரோ:
மே டு அக்டோபர் தான் எடுப்பேன் ஐயா, வளையமே போட்டுட்டேன். வேக்கும் ஐடில்ல 19, 2500ல வச்சா அங்கேயே நிக்குது. ரெண்டு குழாய்லயும் டவல் ஒரே மாதிரி பறக்குது. நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட்டினேன், 4500 வரைக்கும் தங்குதடை இல்லாம போச்சு, பெட்ரோல் பங்க்ல நிறுத்திட்டு திரும்ப சாவி போட்டதும் ஒரே சுத்துல பிடிச்சுது. கார்புரேட்டர் கடைக்காரருக்கு இன்னும் சொல்லல.

ஒண்ணு தான் பாக்கி, காலைல குளிர்ந்த எஞ்சின்ல டிக் டிக்னு ஒரு சத்தம், ரெண்டு நிமிஷத்துல போயிடுது.

ஸ்காபரோ_ஐயா:
புது காஸ்கெற் சூடாகி ஆறி கொஞ்சம் அமுங்கியிருக்கும். நாளைக்குக் காலமை எஞ்சின் பச்சைத் தண்ணி மாதிரி இருக்கேக்க அந்த மூண்டு நட்டையும் கால் சுத்து இறுக்கிப்போட்டுச் சொல்லுங்கோ.

டிராய்_கமாரோ:
இறுக்கியாச்சு ஐயா. ரெண்டு நட்டு கால் சுத்து போச்சு, உடைஞ்ச இடத்துல போட்ட புது ஸ்டட்டோடது அரைச் சுத்தே போச்சு. டிக் டிக் நின்னுடுச்சு. உடைஞ்ச அந்த ஸ்டட் துண்டை மட்டும் தூக்கிப் போட மனசு வரல, வெல்டு பண்ண நட்டோட அப்படியே டேஷ்போர்டு பெட்டில போட்டு வச்சிருக்கேன்.