முட்டியைக் கையால் இழுத்துப் பார்த்தே ஜவ்வு கிழிந்ததைச் சொல்ல முடியுமா?

கோபி அக்கா:
தம்பி காலேஜில் படிக்கிறான், கபடியில் ரைடர். போன வாரம் காங்கயம் பக்கம் ஒரு மேட்சில் சட்டென்று திரும்பியிருக்கிறான். பாதம் மண்ணிலேயே ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. ‘டப்’ என்று சத்தம் கேட்டதாம். வீடு வந்து சேர்வதற்குள் முட்டிச் சில்லு தெரியாத அளவுக்கு வீக்கம். அன்று ராத்திரியே காட்டினோம். முட்டியை மடக்கி வைத்து இழுத்துப் பார்த்த டாக்டர், எக்ஸ்ரேவும் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நேற்று கோயமுத்தூரில் இன்னொருவர் காலைக் கொஞ்சமாக மடக்கி இழுத்துப் பார்த்தார். முன் ஜவ்வு போயிருக்கும், எம்ஆர்ஐ எடுங்கள் என்கிறார். அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை, எண்ணெய் போட்டுக் கட்டிவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பதுங்க?

பெருந்துறை பிசியோ:
அக்கா, இரண்டு பேரும் செய்தது வேறு வேறு சோதனை. முதலில் செய்தது ஆன்டீரியர் டிராயர். முட்டியை 90 டிகிரி மடக்கி, பாதத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு கீழ்க்காலை முன்னால் இழுப்பார்கள். அடிபட்ட அன்றைக்கு இதை நம்பி ஒன்றுமில்லை என்று சொல்வது கஷ்டம். வீங்கிய முட்டி அவ்வளவு மடங்காது. வலியில் தொடையின் பின்பக்கத் தசை இறுகி, கீழ்க்காலைப் பின்னாலேயே பிடித்துக்கொள்ளும். ஜவ்வு அறுந்திருந்தாலும் கால் முன்னால் வராது.

கோயமுத்தூரில் செய்தது லாக்மன் சோதனை. 20 முதல் 30 டிகிரி மடக்கினால் போதும் என்பதால் வீங்கிய காலிலும் செய்யலாம். ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுப்பார்கள். எவ்வளவு நகர்கிறது என்பதோடு, எப்படி நிற்கிறது என்பதையும் கை பார்க்கும். நல்ல ஜவ்வு ‘டக்’கென்று நிறுத்தும். அறுந்தது கொழகொழவென்று போய்க்கொண்டே இருக்கும். ஏசிஎல் என்கிற முன் ஜவ்வுக்குப் படுக்கையிலேயே செய்கிற சோதனைகளில் நான் முதலில் நம்புவது இதைத்தான். ஆனால் நல்ல காலையும் இழுத்து ஒப்பிட வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே முட்டி தளர்வாக இருக்கும். தம்பிக்கு இரண்டு காலையும் பார்த்தார்களா?

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், ஜவ்வு அதில் தெரியாது. ‘டப்’ சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம் என்றால் மூட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். முன் ஜவ்வு அறுந்தால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். அப்பாவிடம் இதைச் சொல்லுங்க.

ஈரோடு கோச்:
எங்கள் பையன் ஒருவனுக்கும் டிராயரில் கால் முன்னால் வந்தது. முன் ஜவ்வுதான் என்றார்கள். கடைசியில் பின் ஜவ்வு. அது எப்படிங்க?

பெருந்துறை பிசியோ:
அப்படி ஏமாற்றும் அண்ணா. பின் ஜவ்வு போனால் கீழ்க்காலே பின்னால் தொய்ந்து கிடக்கும். அதை இழுத்தால் பழைய இடத்துக்குத்தான் வருகிறது, பார்ப்பவருக்கோ முன்னால் வந்த மாதிரி இருக்கும். அதனால்தான் இழுக்கும் முன் இரண்டு முட்டியையும் 90 டிகிரி மடக்க வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்க்க வேண்டும். தொய்வு கண்ணுக்கே தெரியும். உள்பக்க ஜவ்வுக்கு வேறு சோதனை: 30 டிகிரியில் முட்டியை உள்பக்கமாக நெக்கி, கீழ்க்காலை வெளியே தள்ளிப் பார்ப்பார்கள். காலை நேராக நீட்டிச் செய்தபோதும் உள்பக்கம் விரிந்தால், அந்த ஒரு ஜவ்வோடு நின்றிருக்காது.

கோபி அக்கா:
நல்ல காலையும் கோயமுத்தூர் டாக்டர் இழுத்துப் பார்த்தாருங்க. அடிபட்டதில்தான் கால் நிற்காமல் போகிறது என்றார். ஆனால் தம்பி இப்போது நன்றாக நடக்கிறான், சனிக்கிழமை கிரவுண்டுக்குப் போகிறேன் என்கிறான்.

பெருந்துறை பிசியோ:
தயவுசெய்து விடாதீங்க அக்கா. நேராக நடக்க முன் ஜவ்வு பெரிதாகத் தேவைப்படாது. ஓடித் திரும்பும்போதுதான் முட்டி நழுவும். ஒவ்வொரு நழுவலிலும் உள்ளே மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு, மெனிஸ்கஸ் என்பார்கள், நசுங்கிக் கிழியலாம். எம்ஆர்ஐயில் அதன் நிலைமையும் தெரியும், ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவு செய்ய அது உதவும். எண்ணெய்க் கட்டு அறுந்த ஜவ்வை ஒட்டாது, இறுக்கிக் கட்டினால் முட்டி விறைத்துப்போகும். எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கும்வரை காலை முழுசாக நீட்டுவதும், தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவதும் தினமும் செய்யட்டும். முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே வராவிட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்க. பாதம் சில்லிட்டாலோ மரத்துப்போனாலோ ராத்திரி என்றும் பார்க்க வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்குப் போங்க.