கிப்லி படங்களின் ஆங்கில டப்பிங்: இன்னும் உறுத்தும் அந்த ஓர் இடம்

கடைசிவரிசை

ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ எடுத்த அனிமேஷன் படங்களின் ஆங்கில டப்பிங்கில் எனக்கு இன்னும் உறுத்தும் இடம்: 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்', கடைசிக் காட்சி, சூனியக்காரச் சிறுமி கிகியோடு பேசும் பூனை ஜிஜி. படம் பார்த்தவர்களுக்கு இதுவே போதும். 1998 டிஸ்னி டப்பிங்கில் பூனை தோளில் ஏறி, தான் பேசுவது கேட்கிறதா என்று கிகியிடம் கேட்கிறது. 1989 ஜப்பானிய மூலத்தில் அந்த இடத்தில் பேச்சே கிடையாது, மியாவ் மட்டும்தான். நடுவில் இழந்த பறக்கும் சக்தி கிகிக்குத் திரும்பி வரும், பூனையின் பேச்சு திரும்பாது. 13 வயதுப் பெண் குழந்தைப் பருவத்தைத் தாண்டிவிட்டாள் என்பதைப் படம் அந்த மியாவில்தான் வைத்திருக்கிறது. ஒரு வரியைச் சேர்த்ததும், போனதெல்லாம் கைக்கு வந்துவிட்ட கதையாகிவிட்டது. டப்பிங்கே கூடாது என்று சொல்ல வரவில்லை. இந்த வரியை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

ஒலிப்பெட்டி

ஒரு வரி மட்டும் இல்லண்ணே, ஜிஜியே வேற ஆள். ஜப்பானியத்துல ரெய் சகுமாவோட மெல்லிசான, எல்லாத்துக்கும் யோசிக்கிற குரல். ஆங்கிலத்துல பில் ஹார்ட்மன், சுருக்குன்னு குத்திப் பேசுற ஆம்பளக் குரல். மூலத்துல ஜிஜி சும்மா இருக்கிற பல இடத்துல ஹார்ட்மன் பேசுவார்.

அது எப்படி முடியுதுன்னு கவனிச்சா டப்பிங்கோட சூட்சுமமே பிடிபட்டுடும். ஜப்பானிய அனிமேஷன்ல வாய்க்குப் பெரும்பாலும் மூணு படம்தான்: மூடினது, பாதி திறந்தது, முழுசா திறந்தது. படம் வரைஞ்ச பிறகுதான் அங்கேயே குரல் பதிவு நடக்கும். அதனால ஆங்கில வசனம் எழுதுறவர் 'ஆ'வா 'ஓ'வான்னு கவலைப்பட வேண்டாம். வாய் எந்த ஃப்ரேம்ல திறக்குது, எதுல மூடுது, நடுவுல எங்க நிக்குது, இதுதான் கணக்கு. ப, ம மாதிரி உதடு ஒட்டுற எழுத்து மூடின படத்து மேல விழுந்தா பொருத்தம் அருமையா இருக்கும். நடிகருக்கு ஹெட்ஃபோன்ல மூணு பீப் கேட்கும், நாலாவது வர வேண்டிய இடத்துல பேச ஆரம்பிக்கணும். விநாடிக்கு 24 ஃப்ரேம். ரெண்டு ஃப்ரேம் தப்பினா தெரியாது, ஏழெட்டு தப்பினா குழந்தையே கண்டுபிடிச்சிடும்.

ஆனா முதுகு காட்டுற ஷாட், தூர ஷாட், ஆள் ஃப்ரேமுக்கு வெளியே இருக்கிற ஷாட், இங்கெல்லாம் இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. சேர்த்த வசனத்தைத் தேடணும்னா முதல்ல அங்க தேடுங்க.

நிலாமுற்றம்

சேர்த்ததெல்லாம் குற்றமா? 'ஸ்பிரிட்டட் அவே'யை எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் 2001, ஆங்கிலம் 2002. கதை நடக்கும் பெரிய கட்டடத்தைப் பார்த்து அது ஒரு குளியல் இல்லம் என்று சிறுமி சிஹிரோ சொல்வது ஆங்கிலத்தில் சேர்த்த வரி. 'யு' என்ற ஒற்றை எழுத்தைப் பார்த்ததுமே ஜப்பானியக் குழந்தைக்கு வெந்நீர்க் குளியல் என்று புரிந்துவிடும். அமெரிக்கக் குழந்தைக்கு யார் சொல்வார்கள்? வசனம் எழுதிய சிண்டி, டொனால்ட் ஹியூயிட் இருவரும், டப்பிங்கை இயக்கிய கிர்க் வைஸும் அங்கே செய்தது சரி.

எனக்கு உறுத்துவது கடைசியில் வரும் கார் காட்சி. மூலத்தில் குடும்பம் ஏறும், கார் கிளம்பும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில், புது வீடும் புதுப் பள்ளியும் கொஞ்சம் பயம்தான் என்கிறார் அப்பா. சமாளித்துக்கொள்வேன் என்கிறாள் மகள். ஒலிப்பெட்டி சொன்ன மாதிரியே, பேசுகிறவர்களின் வாய் அங்கே தெரியாது. குளியல் இல்ல வரி குழந்தைக்குத் தெரியாததைச் சொல்கிறது. கார் வரி, இரண்டு மணி நேரமாகக் குழந்தை கண்ணால் பார்த்ததையே மறுபடி சொல்கிறது. கடைசிவரிசை, உங்கள் பூனையையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால் கோபம் இன்னும் நியாயமாகும்.

பஞ்சுமிட்டாய்

வசனத்தை விடுங்க, இசைக்கு வாங்க. 'கேசில் இன் த ஸ்கை', ஆரம்பக் காட்சி, ராத்திரி, மேகத்துக்கு மேல ஆகாயக் கப்பல். 1986 மூலத்துல காத்தும் எஞ்சினும்தான் பெரும்பாலும் கேட்கும். 124 நிமிஷப் படத்துக்கு ஜோ ஹிசைஷி போட்ட இசையே சுமார் ஒரு மணி நேரம்தான். டிஸ்னி டப்பிங்குக்காக அவரே மறுபடி உட்கார்ந்து, பெரிய ஆர்கெஸ்ட்ரா வச்சு அதைச் சுமார் 90 நிமிஷமா ஆக்கினார். புது இசை நல்லா இல்லைன்னு சொல்லவே முடியாது. ஆனா கடற்கொள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடி இருந்த அந்த அமைதி போயிடுச்சு. வில்லன் முஸ்காவுக்கு மார்க் ஹாமில் கொடுத்த குரலுக்காக ஆங்கிலத்தைப் போட்டா, இந்த இடத்துல ஒவ்வொரு தடவையும் மனசு ஜப்பானியத்துக்கு ஓடுது.

வடக்குவாசல்

எல்லோரும் இழப்பையே எண்ணுகிறீர்கள். 1985ல் 'நௌசிகா' படத்தை 'வாரியர்ஸ் ஆஃப் த விண்ட்' என்ற பெயரில் அமெரிக்காவில் விட்டபோது சுமார் 22 நிமிடங்களை வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் வெட்டக் கூடாது என்பதில் கிப்லி அவ்வளவு பிடிவாதமாக நின்றது. 1996ல் கிப்லி படங்களை வெளியிட டிஸ்னி வந்தபோதும் படத்தில் கைவைக்க முடியவில்லை. ஒலியில் சேர்க்க மட்டுமே இடமிருந்தது. நீங்கள் குறை சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் அடியில் முழுப் படமும் அப்படியே இருக்கிறது. 1985ஐத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயம்.

என் இடம் 'ஹவுல்ஸ் மூவிங் கேசில்', பூக்கள் நிறைந்த வெளி, சாபத்தால் கிழவியான நாயகி சோஃபி அங்கே இளமையாக நிற்கிறாள், பேசிக்கொண்டே மறுபடி கிழவியாகிறாள். ஜப்பானியத்தில் சியேகோ பைஷோ என்ற ஒரே நடிகை இரண்டு வயதுக்கும் பேசினார். குரல் நழுவி நழுவி முதிரும். ஆங்கிலத்தில் எமிலி மார்ட்டிமர் இளம் சோஃபி, ஜீன் சிம்மன்ஸ் முதிய சோஃபி. குரல் எங்கோ கை மாறியே ஆக வேண்டும். மூலத்தின் நுட்பம் கொஞ்சம் போகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிம்மன்ஸின் குரலில் உள்ள களைப்பும் குறும்பும் எந்த சப்டைட்டிலிலும் வராது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு இரண்டு வரி சப்டைட்டில் வந்து மறைவதற்குள் கண் கீழேயே நின்றுவிடும், மேலே வரைந்தது போய்விடும். குடும்பத்தோடு பார்க்கும் படத்துக்கு டப்பிங்தான் முதல் வழி.

தறிநூல்

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாதிச் சண்டை, ஆளுக்கொரு பதிப்பைப் பார்த்துவிட்டுப் பேசுவதால் வருகிறது.

கிகி: ஊரை விட்டுப் பறக்கும் இடத்தில் ரேடியோவில் யூமி மட்சுதோயாவின் ஜப்பானியப் பாட்டு வந்தால் அது 2010க்குப் பிந்தைய திருத்தம். ஆங்கிலப் பாட்டு வந்தால் 1998. திருத்திய பதிப்பில் ஹார்ட்மனின் கூடுதல் வரிகள் நிறையப் போய்விட்டன, கடைசி வரியும் போய்விட்டது. எனவே கடைசிவரிசை அதைத் தேடிப் பாருங்கள், உங்கள் மியாவ் திரும்பக் கிடைக்கும்.

'மை நெய்பர் டோட்டோரோ': ஆங்கிலத்தில் இரண்டு டப்பிங் உண்டு. பழையது ஸ்ட்ரீம்லைன் என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது, ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்களுக்காக. டிஸ்னியின் டிவிடி 2006ல் வந்தது, அக்கா தங்கைக்கு டகோட்டா, எல் ஃபேனிங் என்று நிஜச் சகோதரிகளே பேசியது.

'அரியெட்டி' படம்: பையன் பெயர் ஷோ என்றால் 2011 பிரிட்டிஷ் டப்பிங். சர்ஷா ரோனனும் டாம் ஹாலண்டும் பேசியது, மூலத்தை ஒட்டியே போகும். ஷான் என்றால் 2012 அமெரிக்க டப்பிங். அதில் கடைசியில் பையன் பேசி, அடுத்த கோடையில் அந்த வீட்டுக்குத் திரும்பியதாகச் சொல்வான். பையனுக்கு நடக்கவிருக்கும் இதய அறுவை சிகிச்சை என்ன ஆகும் என்று மூலம் சொல்லாமல் விட்டதை இது சொல்லிவிடும். முடிந்தால் பிரிட்டிஷ் பதிப்பைப் பாருங்கள்.

சப்டைட்டில்: ஜப்பானிய ஒலி, ஆங்கில எழுத்து என்று வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் 'ஸ்பிரிட்டட் அவே' கார் காட்சிக்குப் போங்கள். யாரும் பேசாதபோது கீழே வசனம் வந்தால், டப்பிங் வசனத்தையே எழுத்தாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். காது கேளாதோருக்கான ஆங்கில எழுத்து பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பட்டியலில் வேறு ஆங்கிலம் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இதைச் சரிபார்க்காமல் மூலத்தில் இப்படி இருக்கிறது, அப்படி இருக்கிறது என்று பேசுவதில் பயனில்லை.

ஒலிப்பெட்டி

நான் மேல சொன்ன மூணு வாய்க் கணக்குக்கு ஒரு விலக்கு இருக்கு. 'ஒன்லி எஸ்டர்டே'. 1991ல வந்த படம், ஆங்கில டப்பிங் 2016லதான் வந்துச்சு. நாயகி டயெகோ பெரியவளா வர்ற பகுதிக்கு இயக்குநர் தகஹதா குரலை முதல்ல பதிவு பண்ணி, அதுக்கு ஏத்த மாதிரி முகத்தை வரைய வச்சார். சிரிச்சா கன்னத்துல கோடு விழும், வார்த்தைக்கு வார்த்தை தசை அசையும். கார்ல டோஷியோவோட பேசிட்டுப் போற காட்சியைப் பாருங்க. டெய்ஸி ரிட்லியும் தேவ் படேலும் நல்லா பண்ணியிருக்காங்க, ஆனா சிரிப்பு எந்த அசையில விரியணும்னு படம் ஏற்கெனவே முடிவு பண்ணிடுச்சு. ஆங்கில வாக்கியத்துல அழுத்தம் வேற இடத்துல விழுது. வாயைப் பொருத்திடலாம், கன்னத்தைப் பொருத்த முடியாது. வடக்குவாசல் சொல்ற 'டப்பிங்தான் முதல் வழி' இந்தப் படத்துக்கு மட்டும் நடக்காது, இதை ஜப்பானியத்துலதான் பார்க்கணும்.