புதுப்பிப்பு: சென்னையிலிருந்து நாகலூர் அம்மாயிக்குப் பூ அனுப்பியது

போன மாதம் கேட்டிருந்தேன்: ஏற்காடு தாண்டி நாகலூரில் இருக்கும் அம்மாயியின் பிறந்தநாளுக்கு, சென்னையிலிருந்து வாடாத பூ அனுப்ப வழி உண்டா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பூ போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலில் இணையத்தில் பொக்கே பார்த்தேன். அந்த ஊருக்கு டெலிவரி கிடையாது என்று வந்தது. "சேலத்தில் வாங்கி பஸ்ஸில் ஏற்றிவிடு" என்று சொன்னவரின் யோசனைதான் பலித்தது. சேலத்தில் இருக்கும் சித்தப்பா விடியற்காலையில் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போய் குண்டுமல்லி ஐந்து முழம் கட்டி வாங்கினார். எல்லாம் இறுகிய மொட்டு. பூக்காரம்மா ஈர வாழையிலையில் சுற்றி, நாரால் கட்டிக் கொடுத்தாராம். ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிட்டார். மேலே மாமா நின்று வாங்கிக்கொண்டார்.

பிளாஸ்டிக் பையில் மட்டும் போடாதீர்கள். கூடவே பையில் போட்டு அனுப்பிய ரோஜா வேர்த்து, இதழோரம் கறுத்துவிட்டது. மல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் எதிர்பார்க்காதது ஒன்று. சேலத்தில் சாயங்காலமே விரிந்துவிடும் மொட்டு, மலைக் குளிரில் ராத்திரி வரை பாதிதான் விரிந்திருந்தது. அம்மாயி பாதியைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, மீதியைத் தலையில் வைத்துக்கொண்டாராம். மறுநாள் காலையில் போன் செய்து, "கண்ணு, இன்னும் வாசம் போகலை" என்றார்.

அப்புறம், மேலே பஸ்ஸுக்குக் காத்திருக்க ஆள் இல்லையென்றால் இந்த வழி சரிவராது.