மானியத்த திருப்பிக் கட்டணுமா? சொட்டுநீர் போடப் போறோம், வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மல்லித்தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். உசிலம்பட்டி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர், முக்காவாசி மல்லிகை. கெணத்துல கொஞ்ச நேரம் ஓடுனதுமே மோட்டார் காத்து இழுக்குது, அதான் சொட்டுநீர் போட்ரலாம்னு அம்மா சொல்றாக. 100 சதவீத மானியம்ங்கிறாய்ங்க, ஆனா ஊர்ல ஒருத்தர் மொத்தப் பணத்தையும் மொதல்ல நீங்க கட்டணும் பெறகுதான் அக்கவுண்ட்ல ஏறும்ங்கிறாரு, இன்னொருத்தர் அதெல்லாம் கடன் மாதிரிதான் நாளைக்கு ஜப்திக்கு வருவாய்ங்கன்னு சொல்லி அம்மாவ பயமுறுத்தி விட்டுட்டாரு. எது நெசம்? எம் பொண்டாட்டியும் தையல் யூனிட்டுக்கு பிஎம்இஜிபி லோன் (சொந்தமா தொழில் தொடங்க மத்திய அரசு குடுக்கிற திட்டம்) கேக்கலாம்ங்கிறா, அதுலயும் மானியம் உண்டாம். ரெண்டும் ஒண்ணுதானா?

வாடிப்பட்டி விவசாயி:
தம்பி, மொதல்ல அம்மாவ தைரியமா இருக்கச் சொல்லுங்க. மானியம் கடன் இல்ல, ஒரு பொருளோட விலையில அரசாங்கம் ஏத்துக்கிற பங்கு. அது யார் கைக்குப் போகுதுங்கிறதுதான் திட்டத்துக்குத் திட்டம் மாறும், கொழப்பம் பூரா அங்கதான் வருது. யூரியாவ எடுத்துக்கங்க, 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசு, நெச விலை அதுக்கு பல மடங்கு. மிச்சத்த மத்திய அரசு உரக் கம்பெனிக்கு குடுக்குது, நம்ம கண்ணுக்கே தெரியாது. கடையில மிஷின்ல கைரேகை வைக்கச் சொல்றாகள்ல, அந்த விற்பனை பதிவானாத்தான் கம்பெனிக்கு அந்தப் பணம்.

சொட்டுநீரும் அதே மாதிரிதான், நம்ம தமிழ்நாட்டுல பணம் கம்பெனிக்கு நேரா போயிரும். அஞ்சு ஏக்கருக்குள்ள இருக்க சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75. ஆனா 100ன்னா அரசாங்கம் வச்சிருக்க விலை வரம்புக்குள்ள மட்டும், செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளிங்கிறத வச்சு அந்த வரம்பு மாறும், அதுக்கு மேல நீங்களா கூட சாமான் கேட்டா அது உங்க காசு. போர் போடுறது இதுல வராது. எஸ்டிமேட்ட கையில வாங்கி வரி வரியா படிச்சிட்டு கையெழுத்துப் போடுங்க. எங்க ஊர்ல ஒரு ஏஜெண்ட் "ஆபீஸ் செலவு"ன்னு வீட்டுக்கு வீடு பணம் கேட்டு வந்தான், யாரும் குடுக்கல, எல்லாருக்கும் கொழாய் வந்துச்சு. மல்லிகைங்கிறதால தோட்டக்கலைத் துறை ஆபீசுக்குப் போங்க, நெல்லு கடலைன்னா வேளாண்மைத் துறை.

குழுத்தலைவி மேலூர்:
தம்பி, பிஎம்இஜிபி வேற கத. அதுல மானியமும் இருக்கு கடனும் இருக்கு, கடன கண்டிப்பா கட்டணும். கிராமத்துல பொம்பளைங்களுக்கு 35 சதவீதம் மானியம். அஞ்சு லட்சம் புராஜெக்ட்னு வைங்க, கைக்காசு அஞ்சு சதவீதம், அதாவது 25,000. பேங்க் 4,75,000 லோன் போடும். மானியம் 1,75,000, ஆனா அது உங்க வீட்டுக்காரி கைக்கு வராது, பேங்க்லயே மூணு வருசம் அவ பேர்ல டெபாசிட்டா கெடக்கும். அதுக்கு வட்டி கெடையாது, லோன்லயும் அந்த அளவுக்கு வட்டி போட மாட்டாக. மூணு வருசம் கழிச்சு யூனிட் ஓடுதான்னு வந்து பாத்துட்டு லோன்ல கழிப்பாக. நடுவுல மூடிட்டா மானியம் திரும்பிப் போயிரும், முழுக் கடனும் தலையில நிக்கும். எங்க குழுவுல ஒரு பிள்ள மானியத்த நம்பி கல்யாணத்துக்கு நாள் குறிச்சு ரொம்ப செரமப்பட்டுப் போச்சு. அதனால மிஷின் வாங்குறதுக்கு முன்னாடி துணி யாரு குடுப்பா, மாசம் எத்தன ஆர்டர்னு கணக்குப் போடச் சொல்லுங்க.

டவுன்ஹால் ரோடு:
நான் கட்டுற வரியிலதான இதெல்லாம் போகுது, எல்லாத்தையும் இலவசமா குடுத்துட்டே இருந்தா எப்படிங்க?

வாடிப்பட்டி விவசாயி:
அண்ணே, கோவப்படாம கேளுங்க. உங்க வீட்டுக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் கரண்ட் சும்மாதான வருது, அதுவும் மானியம்தான். விவசாயி தீப்பெட்டி வாங்குனாலும் வரி கட்டுறான். 1970ல திருப்பூர் பக்கம் பெருமாநல்லூர்ல கரண்ட் விலைய யூனிட்டுக்கு ஒரு பைசா ஏத்துனதுக்குப் போராடி துப்பாக்கிச் சூட்டுல மூணு விவசாயிக செத்தாங்க, அதுக்கப்புறம் பல வருசம் போராடித்தான் விவசாயத்துக்கு இலவச கரண்ட்டே வந்துச்சு. தகுதி இல்லாதவன் வாங்குறான்னா அத நானும் சேந்து கேக்குறேன், ஆனா தண்ணிய மிச்சம் பண்ற கொழாய்க்கு குடுக்கிற காசு வீண் இல்ல, நெலத்தடி தண்ணி உங்களுக்கும் சேத்துத்தான.

மல்லித்தோட்டம்:
ரொம்ப நன்றிண்ணே, அக்காவுக்கும். இன்னும் ஒண்ணு, பட்டா தாத்தா பேர்லயே கெடக்கு. பரவாயில்லையா?

வாடிப்பட்டி விவசாயி:
அங்கதான் பாதிப் பேரு மாட்டுறாய்ங்க. தாத்தா பேர்ல இருந்தா அம்மா பேர்ல சிறு குறு விவசாயி சான்று வாங்குறது கஷ்டம். வாரிசு சான்று எடுத்து பட்டா மாத்துற வேலைய நாளைக்கே ஆரம்பிங்க. பட்டா மாறுனதும் சிட்டா, அடங்கல் (என்ன பயிர் வச்சிருக்கோம்ங்கிற கணக்கு), புலப்படம் (நெலத்தோட வரைபடம்), ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸோட போங்க. ஒரு தடவ மானியம் வாங்கிட்டா அதே நெலத்துக்கு மறுபடி கேக்க ஏழு வருசம் ஆகும், அதனால கம்பெனிய நல்லா விசாரிச்சு எடுங்க, பக்கத்துக் காட்டுல யாரு போட்ட கொழாய் அடைக்காம ஓடுதுன்னு நேர்ல போய்ப் பாருங்க.